காப்பு வளையம்

கிளேட்டன் வார்ப்பாலையை இடிக்கக் கூடாது என்று மனிதச் சங்கிலி நடந்த அன்று சின்னாண்டிகுப்பத்திலிருந்து போகாத ஆள் தேசப்பன் ஒருவர்தான். அந்தச் சங்கிலிக்கு வீடு வீடாகப் போய் ஆள் திரட்டியவள் அவருடைய மகள் எழில்மொழி. ஊரில் யாருக்கும் அவள் பெயரில் இருக்கும் ழகரம் வாயில் வராது. எயிலு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நைனா, நீ வரலன்னா ஊரே என்னத்தான் கேக்கும்" என்று காலையில் அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"கேட்டா சொல்லு. அது இடிஞ்சா எங்கப்பன் மனசாரப் படுத்துத் தூங்குவான்னு சொல்லு." தேசப்பன் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உள்ள வேல செஞ்சவனுக்குத்தான் தெரியும் அது இன்னான்னு. உனக்கும் அந்த ஜெர்மன்காரம்மாவுக்கும் செங்கல்லுதான் தெரியுது."

திருவொற்றியூர் தாண்டி எர்ணாவூர் போகிற வழியில், கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருந்தது கிளேட்டன். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. கப்பல்களைக் கட்டிப்போடும் இரும்புத் தறிகள், தெருவிளக்குக் கம்பங்கள், பாதாளச் சாக்கடை மூடிகள் எல்லாம் அங்கேதான் வார்த்தார்கள். வார்த்ததைப் படகில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ஆலைக்கென்று சொந்தமாக ஒரு இறங்குதுறையே இருந்தது. ஆலைக்கும் அலைக்கும் இடையிலிருந்த மணல் பட்டையில் குப்பம். கடலில் மீன் குறைந்த வருஷங்களில் குப்பத்து ஆண்கள் சுவரைச் சுற்றிக்கொண்டு போய் ஆலையில் கூலிக்கு நின்றார்கள். தேசப்பனும் அப்படித்தான் போனார். தன் மனைவி பவுனம்மாளின் தம்பி மதியையும் அவர்தான் அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டார்.

உருக்கிய இரும்பைச் சுமந்து வந்த வாளியின் சங்கிலி ஒரு நாள் அறுந்தது. கீழே நின்றிருந்தவன் மதி. அவன் காண்ட்ராக்ட் கூலி, எங்கள் ஆளே இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. மதியின் உடம்பென்று எதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதைத் தேசப்பன் பவுனம்மாளிடம் இன்றுவரை சொன்னதில்லை. அதற்குப் பிறகும் வேறு வழி இல்லாமல் அவர் அங்கேயே வேலை செய்தார். பிறகு ஒரு நாள் கம்பெனி கதவைப் பூட்டியது. அப்படியே விட்டுப் போனார்கள். அவர் திரும்பவும் கடலுக்குப் போனார்.

பூட்டிய ஆலையை ஒரு தனியார் நிறுவனம் வாங்கியது. கண்டெய்னர் அடுக்கி வைக்கும் யார்டு கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. ஆலை இருக்கும் இடம் மட்டும் அவர்களுக்குப் போதாது, கரையும் வேண்டும் என்றும் தெரிந்தது. குப்பம் பதறிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் அனெலீஸ் வந்து இறங்கினாள்.

அனெலீஸ் ஜெர்மனியில் பேராசிரியை. ஐம்பது வயதைத் தாண்டியவள். பழைய ஆலைகளையும் சுரங்கங்களையும் துறைமுகங்களையும் ஆராய்ந்து காப்பாற்றுவதற்கென்று பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பில் அவளுக்குப் பொறுப்பு இருந்தது. ஆசியாவில் கிளேட்டன் அளவுக்கு முழுசாக மிஞ்சிய வார்ப்பாலை வேறு இல்லை என்று அவள் சொன்னாள். அவளோடு வேலை செய்தவள் ஷெர்லின். ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண், பழைய கட்டடங்களைப் பராமரிக்கப் படித்த கட்டடக் கலைஞர். உள்ளூர் ஆட்களோடு பேச ஒருத்தர் வேண்டும் என்று தேடியபோது கல்லூரியில் எழில்மொழிக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த ஆசிரியை அவள் பெயரைச் சொன்னார். ஒரு தனியார் பள்ளியில் அற்பச் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தவளுக்கு அது பெரிய கதவாகத் திறந்தது.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தான் பிறந்ததிலிருந்து பார்த்த அழுக்குச் சுவரை உலகத்தில் யாரோ முக்கியம் என்று சொல்கிறார்கள். வடசென்னை என்றாலே கலீஜ், ரவுடி என்று பேசிச் சிரிப்பவர்கள் நடுவே படித்தவள் அவள். முதல் முறையாக யாரோ தன் ஊரைக் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதை அவள் பார்த்தாள். சனிக்கிழமைகளில் அவளும் ஷெர்லினும் டோல்கேட் பக்கம் ஒரு கடையில் பிரியாணி சாப்பிடுவார்கள். கல்யாணம், வேலை, வீட்டுச் சண்டை என்று எல்லாவற்றையும் பேசுவார்கள்.

அனெலீஸும் மற்ற வெள்ளைக்காரர்களைப் போல கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றிவிட்டுப் போகிறவள் இல்லை. பவுனம்மாளோடு தரையில் உட்கார்ந்து மீன்குழம்பைக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். காரத்தில் கண்ணீர் வழிந்தாலும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். பவுனம்மாளுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. தேசப்பன் மட்டும் ஒதுங்கியே இருந்தார். சங்கிலிப் போராட்டம் முடிந்து சில நாட்கள் கழித்து, ஒரு மாலையில், அனெலீஸ் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். எழில்மொழி நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள்.

"மதியைப் பற்றிச் சொல்லுங்கள். மெஷினைப் பற்றி வேண்டாம்" என்றாள் அனெலீஸ்.

தேசப்பன் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். பிறகு பேசினார். அவன் எப்படி நீந்துவான், கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்தது, அன்று காலையில் வேலைக்கு வர மாட்டேன் என்று அவன் அடம் பிடித்தது, தான் திட்டி இழுத்துப் போனது. பவுனம்மாள் அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அனெலீஸ் அழுதாள்.

"இவ்ளோ பண்றீங்களே, அவன் பேரு அங்க எங்கியாவது இருக்குமா?" என்று கேட்டார் தேசப்பன்.

"இருக்கும். நான் வாக்கு கொடுக்கிறேன்" என்றாள் அனெலீஸ்.

அதற்குப் பிறகு தேசப்பன் மாறினார். கோர்ட்டுக்குப் போடும் மனுவில் கைநாட்டு இல்லாமல் கையெழுத்தே போட்டார். "கிளேட்டன் நின்னா குப்பம் நிக்கும்" என்று எழில்மொழி எழுதிய வாசகத்தை அவரே அட்டையில் ஒட்டிப் படகின் முகப்பில் கட்டினார். ஆலையை அழியும் நிலையிலுள்ள தொழில் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் அந்தப் பன்னாட்டு அமைப்பு சேர்த்தது. எங்கெங்கோ இருந்து அறிஞர்கள் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் குப்பத்துப் படகுகளோடு சேர்த்து ஆலையின் புகைபோக்கியைப் படம் போட்டன. கோர்ட் தடை கொடுத்தது. கண்டெய்னர் நிறுவனம் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனது. கிளேட்டன் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட அன்று குப்பத்தில் பட்டாசு வெடித்தார்கள். மீனவப் பஞ்சாயத்துத் தலைவர் எழில்மொழிக்குச் சால்வை போட்டார்.

அடுத்த கோடை தொடங்கியபோது, ஆலையை என்ன செய்வது என்ற திட்டத்தை விளக்க அரசாங்கம் ஒரு கூட்டம் நடத்தியது. குளிரூட்டிய அறை, திரை, பிஸ்கட். திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு ஷெர்லினுக்குக் கிடைத்திருந்தது. எழில்மொழி சந்தோஷமாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் வரைபடம் வந்தது. ஆலை சிவப்பு நிறத்தில் இருந்தது. அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம். மஞ்சள் கடல்வரைக்கும் போனது. அதற்குள் குப்பம் இருந்தது. குப்பம் என்று எழுதவில்லை. பிற்கால ஆக்கிரமிப்புகள் என்று எழுதியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் அவள் எழுந்து பின்னாலேயே போனாள். வெளியே வராந்தாவில் ஷெர்லினை நிறுத்தினாள்.

"அந்த மஞ்சள் இன்னா?"

"காப்பு வளையம், எழில். சின்னத்தை மட்டும் காப்பாத்தினா பத்தாது, அதைச் சுத்தி இருக்கிற சூழலையும் காப்பாத்தணும். இது நான் கண்டுபிடிச்சதில்ல. உலகம் பூரா இதுதான் விதி."

"அந்தச் சூழல் நாங்கதானே? ஆலைக்கு முன்னாடிலேர்ந்து அங்க கீறோம்."

ஷெர்லின் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள். "நான் வாதாடிப் பாத்தேன். பழைய போட்டோவுல குடிசைங்க இருக்குன்னு காட்டினேன். ஓலைக் குடிசையாவே இருந்திருந்தா வாழும் பாரம்பரியம்னு சொல்லி உள்ள வச்சிருக்கலாம். இப்ப இருக்கறது எல்லாம் சுனாமிக்கு அப்புறம் கட்டின காங்கிரீட் வீடு. அதுல பழமை எதுவும் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"சுனாமில குடிசை போச்சு, அதான் காங்கிரீட்டு. நாங்க சாவாம இருந்ததுதான் தப்பா?"

"எர்ணாவூர்ல வீடு குடுப்பாங்க. புது வீடு. எழில், என்னால இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியல. நான் இதை விட்டா வேற யாராவது வந்து இன்னும் மோசமா போடுவாங்க."

எழில்மொழி அவளை விட்டு வெளியே வந்தாள். பேருந்தில் ஏறி, இறங்கி, சுவரைச் சுற்றிக்கொண்டு குப்பத்துக்கு நடந்தாள். வழியில் பார்த்தவர்களிடம் சொல்லாமல் நேரே வீட்டுக்குப் போய் அப்பாவிடம்தான் சொன்னாள். தேசப்பன் கேட்டு முடித்தார். அவளை அடிப்பார் என்று பவுனம்மாள் பயந்து இடையில் வந்து நின்றாள். அவர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. எழுந்து வெளியே போனார். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்து பவுனம்மாளைக் கேட்டார்:

"மேடம் துன்னாங்களா?"

அன்றிலிருந்து அவர் மகளை அப்படித்தான் சொன்னார். நேராக அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

பஞ்சாயத்து கூடியது. அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். "கிளேட்டன் நின்னா குப்பம் நிக்கும்னு நீதானே எயிலு சொன்ன?" என்று தலைவர் கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அவளுக்குச் சால்வை போட்டவர் அவர். "கண்டெய்னர்காரனா இருந்தா அவன்கிட்ட சண்ட போட்டிருப்போம். இப்போ யார்கிட்ட போய் சண்ட போடறது? நாமளே கையெழுத்து போட்டு, நாமளே கத்தி, நாமளே வாங்கிகினு வந்தது." குழாயடியில் பெண்கள் அவள் குடத்துக்கு வழி விட்டார்கள். முன்பு சண்டை போட்டு முந்துவார்கள்.

அவள் அனெலீஸை வீடியோவில் அழைத்தாள். அனெலீஸ் முகம் வெளிறியது. திட்டத்தை அப்போதுதான் முழுசாகப் படித்ததாகச் சொன்னாள். எதிர்ப்புத் தெரிவித்து எழுதப்போவதாகச் சொன்னாள். பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒன்று சொல்ல வேண்டும். கடலிலிருந்து பார்க்கும்போது ஆலையின் முகப்பு முழுசாகத் தெரிய வேண்டும், அந்தப் பார்வையை மீட்க வேண்டும் என்று எங்கள் அறிக்கையில் ஒரு பத்தி இருக்கிறது. அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை எழுதியது நான்."

"எழுதும்போது எங்கள் வீடு தெரியவில்லையா?"

"புதர்களையும் தகரக் கொட்டகைகளையும் நினைத்துத்தான் எழுதினேன். வீடுகளை நினைக்கவே இல்லை."

எழில்மொழிக்கு அந்த மாலை ஞாபகம் வந்தது. தேசப்பன் வீட்டு மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, மடியில் கணினி வைத்து, பவுனம்மாள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அனெலீஸ் எழுதிக்கொண்டிருந்தாள். காலுக்குக் கீழே வீடு இருந்தது. அதை எடுத்துச் சொன்னால் அவள் அழுவாள் என்று தெரிந்தது. அவள் அழுவதைப் பார்க்க எழில்மொழிக்கு அப்போது விருப்பமில்லை. இணைப்பைத் துண்டித்தாள்.

அனெலீஸ் சொன்னபடி எழுதினாள். பதில் வரவில்லை. தங்கள் அமைப்பின் உலக மாநாட்டுக்கு எழில்மொழியே வந்து பேச வேண்டும் என்று அவள் ஏற்பாடு செய்தாள். அங்கே நேராகக் கேட்டால்தான் அசைவார்கள் என்றாள். ஸ்பெயினில், கப்பல் கட்டுமிடங்கள் மூடிப்போன ஒரு துறைமுக நகரத்தில் மாநாடு. பயணச்செலவை அவர்களே ஏற்றார்கள்.

"போவாத. இன்னும் ஒரு தபா ஏமாறப்போற" என்று பக்கத்து வீட்டு முத்தம்மா சொன்னாள்.

பவுனம்மாள்தான் போகச் சொன்னாள். "போய் சொல்லு. நாலு பேரு காதுல வுயட்டும். இங்க உக்காந்துகினு அயுதுகினு இருந்தா இன்னா வரும்?" மகளின் பெட்டியில் கருவாடு வைக்கப் பார்த்து, பிறகு நாற்றம் என்று எடுத்துவிட்டாள். தேசப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவள் காலைத் தொடக் குனிந்தபோது காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பொங்கல் கழியும்வரை வீடுகளைத் தொட மாட்டோம் என்று அதிகாரிகள் பஞ்சாயத்திடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் அவள் விமானம் ஏறினாள்.

மாநாட்டு மண்டபம் ஒரு காலத்தில் இரும்புக் கிடங்கு. கூரையின் பழைய விட்டங்களை அப்படியே வைத்து, கீழே வெள்ளை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எழுதிக் கொண்டுபோன கட்டுரையை எழில்மொழி படிக்கவில்லை. தன் மாமன் மதி செத்த கதையைச் சொன்னாள். அப்பா அங்கே தொடர்ந்து வேலைக்குப் போன கதையைச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "எங்களை அந்த ஆலை ஒரு தடவை எரித்தது. மூடியபோது ஒரு தடவை பட்டினி போட்டது. இப்போது நீங்கள் அதைக் காப்பாற்றிவிட்டீர்கள், அது எங்களை வீட்டை விட்டுத் துரத்துகிறது. உங்கள் பட்டியலில் எங்கள் ஆலையைச் சேர்க்க நான்தான் ஆள் பிடித்துக் கொடுத்தேன். அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்."

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. அவள் கீழே இறங்கியும் கைதட்டல் நிற்கவில்லை. யார் யாரோ வந்து கட்டிப் பிடித்தார்கள். பிரேசிலிலிருந்து வந்த ஒருத்தர் தங்கள் ஊரிலும் இதேதான் என்றார். அவள் பேச்சை ஒரு தொகுப்பில் சேர்க்க அனுமதி கேட்டார்கள். மறுநாள் தீர்மானம் போட்டார்கள். கிளேட்டன் வளாகத்தைச் சுற்றி வாழும் சமூகத்தின் நிலை குறித்து இந்த மாநாடு ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறது என்று ஒரே ஒரு வரி. பட்டியலிலிருந்து எடுப்பதற்கு விதியில் இடமில்லை, ஏனென்றால் ஆலை நன்றாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது என்று விளக்கினார்கள்.

மாநாடு முடிந்ததும் எல்லாரையும் பேருந்தில் ஏற்றி, அருங்காட்சியகமாக மாற்றிய பழைய இரும்பு உலை ஒன்றைக் காட்ட அழைத்துப் போனார்கள். ஏணியில் ஏறிக்கொண்டிருந்தபோது பவுனம்மாளின் அழைப்பு வந்தது.

"எயிலு, துன்னியா?"

"துன்னேன்மா. இன்னா சத்தம் அங்க?"

"ஜேசிபி. காலைலயே வந்துட்டானுங்க. போலீசு நிறைய. உங்க நைனா படகுல ஏறி உக்காந்துகினு எறங்க மாட்டேன்னாரு, தூக்கி எறக்கிட்டானுங்க. அடி ஒண்ணும் இல்ல. நீ பயப்படாத. சாமான எல்லாம் வெளிய எடுத்துட்டோம். உன் சர்டிபிகேட்டு எல்லாம் என் கைல கீது." பவுனம்மாள் சத்தத்தை மீறிக் கேட்டாள். "நீ பேசிட்டியா? இன்னா சொன்னாங்க?"

"கை தட்டினாங்கம்மா" என்றாள் எழில்மொழி.

விமான நிலையத்திலிருந்து அவள் நேராக எர்ணாவூருக்குப் போனாள். அடுக்குமாடியின் நான்காவது மாடியில் ஒரு அறையும் சமையலறையும். பாத்திரங்கள் சாக்கிலேயே இருந்தன. சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். தேசப்பன் அந்தச் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவரைத் தூக்கி இறக்கியபோது தோள்பட்டை பிசகியிருந்தது. துணியால் கட்டுப் போட்டிருந்தார்கள். அடி ஒன்றும் இல்லை என்று பவுனம்மாள் சொன்னது பொய். ஷெர்லின் பல தடவை அழைத்தாள். எழில்மொழி எடுக்கவில்லை.

படகுகளைக் கிளேட்டனுக்கு எதிரே கரையேற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பார்வை மறைக்குமாம். வடக்கே தள்ளி வேறொரு குப்பத்தின் கரையில் கெஞ்சி இடம் வாங்கினார்கள். தோள் சரியாகாததால் தேசப்பனால் அங்கேயும் போக முடியவில்லை. படகில் தனக்கிருந்த பங்கைத் தம்பி மகனுக்கு விட்டுக்கொடுத்தார். தெருவில் மீன் விற்றுவந்த பவுனம்மாள் மீன் கரையேறும் இடத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய் வாங்கி, மறுபடி ஆட்டோவில் ஏறினால் கூடை நாறுகிறது என்று இறக்கிவிட்டார்கள். அவள் மீன் விற்பதை விட்டாள்.

கிளேட்டன் பாரம்பரிய மையம் திறந்தபோது துப்புரவு வேலைக்கு உள்ளூர்ப் பெண்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார்கள். பவுனம்மாள் போய்ச் சேர்ந்தாள். எழில்மொழி அழுது தடுத்தாள்.

"அங்க போய் பெருக்கப் போறியாம்மா? நம்ம வூடு இருந்த இடத்துல?"

"அங்க கடல் தெரியுது" என்றாள் பவுனம்மாள். "இங்க இன்னா தெரியுது?"

வீடுகள் இருந்த இடத்தில் புல் வளர்த்து, நடுவில் நடைபாதை போட்டிருந்தார்கள். ஆலையின் வாசலில் கருங்கல் பலகை ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். வேலையில் உயிரிழந்தவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. மதியின் பெயரும் இருந்தது. அனெலீஸ் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். பவுனம்மாள் தினமும் அந்தப் பலகையை ஈரத்துணியால் துடைத்தாள். அது அவள் வேலையில் சேர்ந்தது. தேசப்பனிடம் அதைப் பற்றிச் சொன்னபோது, "அவன் செத்தவன். அவனுக்கு எடம் குடுத்துட்டாங்க" என்றார். போய்ப் பார்க்க மறுத்துவிட்டார்.

மையத்தின் திறப்பு விழாவன்று, அதற்காக வந்திருந்த அனெலீஸ் மேடைக்குப் போகாமல் எர்ணாவூருக்கு வந்தாள். லிப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தேசப்பனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டாள். எழில்மொழி மொழிபெயர்த்தாள். தேசப்பன் மகள் பக்கம் திரும்பினார்.

"அவங்க ஊர்ல இந்த மாதிரி ஃபேக்டரி கீதான்னு கேளு" என்றார். வெகுநாளுக்குப் பிறகு மகளிடம் நேராகச் சொன்ன வார்த்தை அது.

தன் ஊர் நிலக்கரிச் சுரங்க ஊர் என்றாள் அனெலீஸ். அப்பா, தாத்தா எல்லாரும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். சுரங்கம் மூடியதும் அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள்.

"அங்க வேல செஞ்சவங்க வூடு?"

 அனெலீஸ் தாழ்ந்த குரலில் சொன்னாள். எழில்மொழி ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள். "தொழிலாளிங்களுக்குக் கட்டின வீடுங்க தெருத்தெருவா அப்படியே இருக்காம். அந்த வீடுங்களையும் பாரம்பரியம்னு சேத்துப் பாதுகாக்கறாங்களாம். அதுல இப்பவும் அவங்க ஆளுங்கதான் குடியிருக்காங்க. இவங்க அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்களாம்."

தேசப்பன் தலையை ஆட்டினார். இரண்டு மூன்று தடவை ஆட்டினார். "அது அவங்க வூடு" என்றார். பிறகு பவுனம்மாளைப் பார்த்து, "டீ போடு, மாடி ஏறி வந்துகீறாங்க" என்றார்.  டீயைக் குடித்துவிட்டு அனெலீஸ் போனாள். படியில் இறங்கும்போது, இதையெல்லாம் அடுத்த புத்தகத்தில் எழுதப்போவதாகச் சொன்னாள்.

"எழுதுங்கள்" என்றாள் எழில்மொழி. "நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் வேண்டாம்."

அந்த வருஷமே எண்ணூர்ப் பக்கம், முகத்துவாரத்தை ஒட்டி மூடிக் கிடக்கும் பழைய சுண்ணாம்புச் சூளை ஒன்றைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது. வேறொரு நாட்டுக் குழு ஆராய வருகிறதாம். உள்ளூர் ஆள் வேண்டும் என்று எழில்மொழிக்கு மின்னஞ்சல் வந்தது. முடியாது என்று பதில் போட்டாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறி, சூளையை ஒட்டியிருந்த அந்தக் குப்பத்துக்குத் தானாகவே போனாள். வலைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் தன் ஊர் பெயரைச் சொன்னாள், நடந்ததைச் சொன்னாள்.

"வர்றவங்க கெட்டவங்க இல்ல" என்றாள். "உக்கார வெச்சு டீ குடுங்க, பேசுங்க. ஆனா அவங்க போடற பிளான்ல உங்க வூடு எங்க கீதுன்னு மொதல்ல காட்டச் சொல்லுங்க. அத்தப் பாக்காம கையெழுத்து போடாதீங்க."

அவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் நிலக்கரிக் கிடங்கு கொண்டுவர ஒரு கம்பெனி சுற்றிக்கொண்டிருந்தது. சூளையைக் காப்பாற்றினால் அது வராது என்று யாரோ ஏற்கெனவே அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். வயதில் மூத்தவர் ஒருவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்:

"நல்லாதான் பேசற. உன்ன அந்தக் கரி கம்பெனிக்காரன் அனுப்பினானா?"

இல்லை என்றாள். தான் யாரும் அனுப்பாமல் வந்ததாகச் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். யாரும் அனுப்பாமல் இவ்வளவு தூரம் யார் வருவார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தாள். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டாள், கொடுத்தார்கள். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்து, பேருந்து நிற்கும் இடத்துக்கு வழி கேட்டு நடந்தாள்.